சுமை ஏற்றிப் பார்த்தல்

நின்றிருக்கும்போது ஐந்து கோடும் காட்டும்.
பாயா தெருபோங் மேட்டில்
இரண்டாவது விளக்குக் கம்பம் தாண்டியதும்
ஒரே கோடு.
அப்புறம் அதுவும் இல்லை.
இறங்கித் தள்ளுவேன்:
இருபத்தாறு கிலோ சைக்கிள்,
பை நிறையப் படிவம் ஐந்து இயற்பியல் தாள்கள்,
முதுகுக்குப் பின்னால் பொறுமையிழந்த பேருந்து.
உச்சியில் மூச்சு வாங்க நின்றால்
மறுபடி மூன்று கோடு காட்டும்,
ஒன்றுமே நடக்காததுபோல.

ஆறு மாதமாக என் மாலைகளைப்
பாட அட்டவணை நடத்தவில்லை,
பிளக் நடத்தியது.
ரூபேந்திரன் வீட்டில் மீன்தொட்டியின் அருகே ஒன்று.
இரட்டையர் வீட்டில் மாடிப்படியின் கீழே,
அதுவும் தளர்ந்தது,
மடித்த காகிதம் வைத்துத் தாங்க வேண்டும்.
கோகிலவாணி வீட்டில் செருப்பு அலமாரிக்கு மேலே.

“ரொம்ப கரண்டு இழுக்குமா டீச்சர்?”
கோகிலவாணியின் அம்மா ஒருநாள் கேட்டார்.
கெட்டவரில்லை. கேட்டார், அவ்வளவுதான்.
தாளில் கணக்குப் போட்டே காட்டினேன்:
ஒரு பாடத்துக்கு ஐந்து காசு.
அடுத்த வாரம் அந்தப் பிளக்கில்
இஸ்திரிப் பெட்டி சொருகியிருந்தது.
தொட்டுப் பார்த்தேன்.
சூடே இல்லை.

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடியின் கீழே
சியூ பெங்கின் கடை.
ஊதா உறையை அவள் நீளவாக்கில் கீறியதும்
நகச்சாயமும் அழுகிய பலாவும் கலந்தாற்போல் ஒரு வாசம்.
உள்ளே ஐம்பத்திரண்டு சிறு உருளைகள்,
நான்கு நான்காகப் பதின்மூன்று வரிசை.
மீட்டரின் முள்ளை வைத்துக்கொண்டே போனாள்.
நான்கு புள்ளி ஒன்று.
நான்கு புள்ளி ஒன்று.
ஏழாவதும் ஏறக்குறைய அதேதான்.

பிறகு ஒரு தடித்த தடையியைப் பொருத்தி
மறுபடி முதலிலிருந்து வந்தாள்.
மற்றவை சறுக்கின.
ஏழாவது விழுந்தது.
“டாலாம் டியா சுடா லாவான்,” என்றாள்,
முகத்தை நிமிர்த்தாமலே.
உள்ளேயே அது எதிர்க்கத் தொடங்கிவிட்டதாம்.

பதினொரு ஆண்டாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.
புள்ளிக்கோட்டுக்குள் மின்கலம்,
அதை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி,
அதன் பெயர் உள்தடை.
மின்னோட்டம் கேட்காதவரை அது இருப்பதே தெரியாது,
கேட்டதும் தன் பங்கைத் தின்றுவிடும்,
கழித்துவிட்டு எழுதுங்கள்,
நான்கு மதிப்பெண், விட்டுவிடாதீர்கள்.
அந்தப் பெட்டியை இத்தனை நாள்
மேட்டில் தள்ளிக்கொண்டு போனது
நான்தான் என்று தோன்றவேயில்லை.

சியூ பெங்கிடம் நான் ஆசிரியை என்று சொல்லவில்லை.
“ஓ, அப்படியா?” என்றேன்.
ஏழாவதை மட்டும் மாற்றினால் போதாதா?
தலையாட்டினாள்.
பழசோடு கட்டிப்போட்டால் புதுசும் சீக்கிரம் போய்விடும்.
மொத்தமும் மாற்ற அறுநூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
முந்நூறு கொடுத்தேன், மீதி இரண்டு தவணை.
என் பெயரைக் காலண்டரில் எழுதிக்கொண்டாள்,
புனிதமலர் என்பது நீளம் என்று
புனி மட்டும்.

மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
நிக்கல் பட்டையை வைத்து அழுத்துவாள், டிக்.
ஒரு பொறி.
நகர்த்துவாள், டிக்.
நூற்றுப் பதினேழுவரை எண்ணினேன்,
அப்புறம் யாரோ டயருக்குக் காற்றடிக்க வந்து
எண்ணிக்கை தப்பிவிட்டது.

அன்றிரவு மேட்டில்
முதல் கம்பம், ஐந்து.
இரண்டாவது கம்பம், நான்கு.
பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தேன்.
நான்கு.
உச்சியிலும் நான்கு.
மூச்சு வாங்கவில்லை, ஆனாலும்
பழக்கத்தில் நின்றேன்.

கோகிலவாணி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.
அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்திருந்தார்,
கம்பியைச் சுற்றியபடி.
“நீங்க வர நேரம்னு கழட்டினேன் டீச்சர்.
போன வாரம் நனைஞ்சுக்கிட்டே தள்ளிட்டு வந்தீங்களாமே,
பிள்ள சொன்னா.”

இனி தேவையில்லை என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
அவர் அலமாரிமேல் கிடந்த சாவிகளை ஒதுக்கி
சார்ஜர் வைக்க இடம் செய்துகொண்டிருந்தார்.

நான்கு கோடு.
இன்னும் ஒன்றுக்கு இடமிருந்தது.
சொருகினேன்.