ஐந்து புள்ளி இரண்டு

பைக்காலின் உறைந்த முதுகில் லாரிகள் ஓடும் மாதங்களில்
சோயோல்மாவின் வேலை துளையிடுவது.
திருகு இறங்கும், தண்ணீர் பொங்கும், அளவுகோலை விடுவாள்.
"அறுபத்திரண்டு. போகலாம்."
நான் நோட்டில் எழுதுவேன்.

பிப்ரவரியில் அவளையே அளந்தார்கள்.
வலது சினைப்பையில் ஐந்து புள்ளி இரண்டு சென்டிமீட்டர்.
மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர்.
"நீர்க்கட்டி," என்றார் டாக்டர் இன்னா கென்னாதியெவ்னா.
"உன் வயதில் பெரும்பாலும் தானே வற்றிவிடும்.
மூன்று மாதம் கழித்து வா.
ஆனால் திடீரென்று வலி பிடுங்கி வாந்தியும் வந்தால்
சினைப்பை முறுக்கியிருக்கலாம்,
விடியட்டும் என்று படுத்திருக்காதே."

திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை.
"பனிக்கட்டி எப்படியும் மே மாதம் போய்விடும்," என்றாள் கடைசியில்.
ஏரியைச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

அம்மா எலுமிச்சை அளவா என்றாளாம்,
கணவன் கோழிமுட்டை என்றானாம்.
இருவரையும் சென்டிமீட்டரில் பேசச் சொல்லிவிட்டாள்.

அதன்பின் வண்டியில் எப்போதும் ஒரு பை:
துண்டு, பாஸ்போர்ட், சார்ஜர்.
நான் எதுவும் கேட்கவில்லை.
டீசல் தொட்டியைப் பாதிக்குக் கீழே விட்டதுமில்லை.

மே.
ஏரி உடைந்து ஊசி ஊசியாய்க் கரை ஒதுங்கியது.
நீர்க்கட்டி ஐந்து புள்ளி எட்டு.

"வற்றவில்லை, வலியும் சொல்கிறாய். இர்குட்ஸ்கில் எடுத்துவிடலாம்.
கட்டியை மட்டும். சினைப்பையை விட்டுவைக்கப் பார்ப்பார்கள்.
மூன்று துளைகள்."
"எவ்வளவு அகலம்?"
டாக்டர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

குளிர்காலம் முழுக்கச் சிரிக்காதவள் சிரித்தாள்.
"நான் ஒரு நாளைக்கு நாற்பது போடுகிறேன்.
ஏரி ஒருமுறைகூட மயக்கமருந்து கேட்டதில்லை.
எனக்குக் கொடுத்துவிடுங்கள்."