ஒன்றரை மணிக்குள்

என் அணிக்கு லிந்துலை அட்டைகள் என்று பேர்.
அட்டை என்றால் என்ன என்று பின்லாந்துக்காரன் ஒருவன் கேட்டான்.
காலைக் கடிக்கும், விடாது, என்றேன்.
தற்காப்புக்கு நல்ல பேர் என்றான்.

ஐஸில் நான் நின்றதில்லை.
ஜனவரியில் மைதானத்துப் புல்லில் வெள்ளையாய்ப் படிந்து
ஏழு மணிக்குள் காணாமல் போகுமே,
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஆடுகளம்.
அதிலும் சறுக்கி விழுந்திருக்கிறேன், அது வேறு கதை.

பகலில் மடுவத்தில் கொழுந்து நிறுப்பவள்.
இரவில் இருபத்துமூன்று பேருக்கு முதலாளி.
சம்பள உச்சவரம்பு எட்டுக் கோடி டொலர்.
டேட்டாவுக்குச் சுரண்டிய அட்டை நூற்றுத்தொண்ணூறு ரூபாய்.
லயத்துக்குள் சிக்னல் ஏறாது,
பீலிக்கு மேலே, தண்ணித் தாங்கியோரம்
நின்றால் இரண்டு கோடு.

இருபத்தேழாம் இலக்கம், வெசா கோஸ்கெலா.
வயது முப்பத்துநாலு.
தற்காப்பு எண்பத்தொன்றாக இருந்தது, இப்போது எழுபத்திரண்டு.
இடது முழங்கால் சிவப்பில்.
ஐந்து பருவம் என்னிடம் ஆடியவன்,
முகம் கிடையாது,
சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் தோளும்.
அவனைத் தந்தால்
பத்தொன்பது வயசுக் கோல்காப்பாளன் ஒருவன்,
கூடவே இரண்டாம் சுற்றுத் தெரிவும்.
கணக்குப் பார்த்தால் யாரும் அமுக்குவார்கள்.

இன்று மத்தியானம்
செல்லக்கிளியக்கா பதினாலு கிலோ கொண்டுவந்தாள்.
பதினெட்டு இருந்தால்தான் முழுப்பேர்.
கணக்கப்பிள்ளை என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.
அரைப்பேர் போட்டேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
கூடையைக் கவிழ்த்து உதறினாள்,
ஒரு இலை செக்ரோலில் விழுந்தது.

மணி ஒன்று இருபத்தாறு.
நிச்சயமா என்று கேட்டது திரை.
எதையும் இரண்டு தடவை கேட்கும் அது.
தராசுக்கு அந்தப் பழக்கமில்லை.

ஆம் என்று அமுக்கினேன்.

பிறகு வாங்கியவனுக்கு எழுதினேன்:
அடுத்தடுத்த இரவுகளில் இறக்காதே,
இடப்பக்கம் நிறுத்தாதே,
கடைசி ஐந்து நிமிஷத்துக்கு வைத்துக்கொள்.
இவை வெறும் இலக்கங்கள், தெரியும்தானே, என்று சிரித்தான்.
தெரியும்,
நான் பார்ப்பதே இலக்க வேலைதான், என்றேன்.

பதினோராம் நாள் அவர்களோடு ஆட்டம்.
இரண்டுக்கு இரண்டு.
புதுப்பையன் கோலில் நின்றான், நன்றாகவே நின்றான்.
ஐம்பத்தெட்டாம் நிமிஷம் ஒரு வரி ஓடியது:
கோஸ்கெலா, நீலக்கோட்டிலிருந்து.
மூன்று இரண்டு.

போனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
இருட்டில் கைதட்டினேன்.
கீழ்லயத்து நாய் குரைத்தது.
யாரது மேலே, என்று ஒரு டோர்ச் வெளிச்சம்.

நான்தான்,
தண்ணி வருதான்னு பாக்க வந்தேன்.