இருபத்திரண்டு டிகிரி

நார்வேக்கு வாங்கிய கோட்டுகளை
மெரினா சவுத் படகுத்துறையில் போட்டுக்கொண்டோம்.
வேறெங்கே போடுவது இனி.

மூன்றாம் நாளாக ஜனவரி மழை.
இருபத்திரண்டு டிகிரி என்றது கைப்பேசி.
"பனிப்புயல்" என்றாள் நசீமா,
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து.

வாடகைப் படகு. ரொஸ்லான் அரைக்கால் சட்டையில்.
எங்களை ஒருமுறை பார்த்தார்,
பிறகு கடலைப் பார்த்தார்.

லாசரஸ் தீவைத் தாண்டியதும்
நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்களைப்
பனிப்பாறைகள் என்று எண்ணத் தொடங்கினோம்.
பதினேழு. துருப்பிடித்த ஒன்றில்
யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள், மழையில்.
"பெங்குவின்" என்றான் கதிரொளி.
வடதுருவத்தில் பெங்குவின் கிடையாதென்று
ஷூ ஃபென் திருத்தினாள், எப்போதும்போல.

ஃபிளாஸ்கில் தே ஹாலியா. மூடி ஒன்றுதான்,
கை மாறி மாறி வந்தது.
ஐந்தாவது கோட்டு பைக்குள்ளேயே இருந்தது
விலைச்சீட்டோடு.
தவமணியின் அளவு, எக்ஸ்எல்.
டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரக்
கப்பல் கம்பெனி இறப்புச் சான்றிதழ் கேட்டது.
ஷூ ஃபென்தான் ஸ்கேன் செய்து அனுப்பினாள்.

அலையொன்று தூக்கிப் போட்டது.
நார்வேவரை காத்திருக்க முடியாமல்
இங்கேயே வாந்தியெடுத்தாள் நசீமா.
சிரித்தோம். நிறுத்த வேண்டிய இடம் தாண்டியும்
சிரித்தோம்.

திரும்புகையில் மழை வலுத்தது.
ரொஸ்லானின் முழங்கால்கள் நடுங்கக் கண்டு
கதிரொளி பையைத் திறந்தான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குச் சற்றுப் பெரிது.
கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
சுக்கானைப் பிடித்தார்.
விலைச்சீட்டு மட்டும்
துறை வரும்வரை
காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது.