இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மூன்றாம் பாகம் ஒற்றைப் பிரதியாய்
கொழும்பு இரவு பஸ்ஸில் வந்தது,
பழைய பால்மா பையொன்றில் சுற்றி.
ஏழு பேர் வரிசை. ஆளுக்கு மூன்று இரவு.
முடிவை முந்திச் சொல்பவர்
எல்லோருக்கும் றோல்ஸ் வாங்கித் தரவேண்டும் என்பது சட்டம்.

சட்டத்தை உடைத்தவன் கஜமுகன்.
ஞாயிறு விடியக் கொக்குவிலிலிருந்து போன் எடுத்து
ஹலோ கூட இல்லை,
"சாக்காட்டிப் போட்டாங்கள்" என்றான்.
"ஆரை?"
"எல்லாரையும்.
ஆயிரத்து நானூறு பக்கம் ஓடி ஓடித் தப்பினதுகள்,
கடைசியிலை வெயில் வருது,
இரத்தக்காட்டேறியளும் சரி, சனமும் சரி,
ஒண்டும் மிச்சமில்லை."
அழுதானா, தடிமனா, தெரியவில்லை.

நிரோஜினிக்கு அரசி திருந்தியது பொறுக்கவில்லை.
"முந்நூறு வருசம் குடிச்சவள்
ஒரு பிள்ளையின்ரை கழுத்தைப் பார்த்து மனம் மாறுவாளோ?
எங்கடை மாமி முருங்கைக்காய்க்கே மாறேல்லை."

குருநகர் அன்ரன் பத்திநாதன்
சாவுகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.
கடைசி அத்தியாயத்தில்
சோளகம் அடிக்க அடிக்கத்
தெற்கே பாய் விரிக்கிறார்களாம்.
"எழுதினவன் கடைசிவரை கரையிலைதான் நிண்டவன்."

பாமினி ரீச்சர்
நாய் சாகும் பக்கங்களை
ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தாள்.
என் கைக்கு வந்தபோதும் மூன்று பின்கள் அப்படியே.
கழற்றவில்லை நான்.

நான் ஆறாவது.
இரத்த வங்கியில் இரவுக் கடமை,
குளிர்பெட்டி உறுமும் பக்கத்தில் கதிரை.
உள்ளே ஓ பொசிற்றிவ் பதினொரு பை,
ஏபி நெகற்றிவ் இல்லை.
முப்பத்தைந்து நாளில் நாங்கள் எறிவதை
அந்த அரசி
நூறு வருசப் பீப்பாவிலிருந்து ஊற்றிக் குடிக்கிறாள்.
போகட்டும் என்று விட்டேன்.
மூன்றரை மணிக்கு விடுதியிலிருந்து ஆள் வந்து
இரண்டு பை கேட்டான்.
விரலைப் பக்கத்தில் வைத்தபடி கையெழுத்து வாங்கினேன்.
பிறகு விடிந்தது,
கதையிலும், யன்னலிலும்,
எனக்கு எது முதலென்று இப்போது நினைவில்லை.

ஏழாவது யோகமலர்.
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுபவள்.
மூன்று இரவு தேவைப்படவில்லை,
ஒரே இரவில் திருப்பித் தந்தாள்.

நல்லூரில் ஐஸ்கிறீம் கடையில் கூடினோம்.
கஜமுகன் றோல்ஸுக்குக் காசு கட்டினான்.
வெயில் நீதியா, சோம்பலா என்று
நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்க,
யோகமலர் கேட்டாள்:
"தண்ணி எடுக்கப்போன பெடியன் எங்கை?"

எந்தப் பெடியன்?

முதலாம் பாகம், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
பதினாறு வயது. இரண்டு கான்.
கதவைத் திறந்து "உடனை வாறன்" என்கிறான்.
அடுத்த வரியில்
வேறு யாரோ தீப்பெட்டி தேடுகிறார்கள்.
அவ்வளவுதான்.

செத்தவர் பட்டியல் கடைசியில் ஆறு பக்கம் இருக்கிறது,
அடிமட்டம் வைத்து வரிவரியாய்ப் பார்த்தாளாம். இல்லை.
காட்டேறியாய் மாறியவர்களிலும் இல்லை.

"எழுத்தாளர் மறந்திட்டார்" என்றான் கஜமுகன்.
"அவனும் மாறியிருப்பான், வேறை ஊரிலை" என்றாள் நிரோஜினி.
அன்ரன் அவனுக்கு ஒரு வள்ளம் கொடுத்தான்.
பாமினி கிணற்றடியில் ஒரு நல்ல சாவு,
வலியில்லாதது.
ஆளுக்கொரு முடிவை அவள் கோப்பையில் வைத்தோம்.
ஐஸ்கிறீம் கரைந்துகொண்டிருந்தது.
"அப்பிடியெண்டு எழுதேல்லையே" என்றாள்,
கோபமில்லாமல்,
மருந்துச்சீட்டில் இல்லாததைக் கேட்பவருக்குச் சொல்வதுபோல.

இரவு முதலாம் பாகத்தை எடுத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டில்
"இரண்டு கான்" என்ற இடத்துக்கு நேரே
ஓரத்தில் பென்சிலால் சிறிய எழுத்து:
ஒன்று நீலம். மற்றதுக்கு மூடி இல்லை.

முன்னும் பின்னும் தேடினேன்.
கதையில் நிறம் எங்குமே சொல்லப்படவில்லை.