மார்ச் மூன்றாவது வாரம்

மின்கட்டண ரசீதைக் குப்புறப் போட்டு
அதன் முதுகில் எழுதுகிறாள் ராட்கா:
பெரியவர் இரண்டு, சிறியவர் ஒன்று.
ஒக்னியானுக்கு ஏப்ரலில் பன்னிரண்டு முடிகிறது.
அதுவரைக்கும் பாதிக் கட்டணம்.
"பார்த்துத்தான் பிறந்திருக்கிறான்" என்கிறாள்.

பதினாறு குளிர்காலமாக
ப்ளோவ்டிவிலிருந்து ரோடோபி மலைக்கு
சனிக்கிழமை பஸ் ஓட்டுகிறேன்.
வண்டியின் வயிற்றில் அடுத்தவர் ஸ்கீகள்
வளைவுக்கு வளைவு கடகடக்கும்.
எந்த வளைவில் எந்தக் குழந்தை வாந்தியெடுக்கும்,
லிஃப்ட் வரிசை எத்தனை மணிக்குக் குறையும்,
உச்சிக் கடையில் ஒரு கிண்ணம் அவரை சூப் என்ன விலை,
கீழே கழிப்பறைக்குப் பின்னால் அதே சூப் என்ன விலை,
எல்லாம் அத்துப்படி.
அந்தப் பலகைகள் மேல்
நின்றதில்லை, அவ்வளவுதான்.

எட்டு மணி நேரம் பார்க்கிங்கில்
சூரியகாந்தி விதை கொறித்தபடி
கண்ணாடி வழியே பார்ப்பேன்.
அறுந்த மணிமாலை போல
சிவப்பும் நீலமுமாய் இறங்கி வருவார்கள்.
விழுந்தவர் எழுவதற்குள்
வாயிலிருக்கும் விதையைத் துப்ப மறந்திருப்பேன்.

பிப்ரவரியில் அறை வாடகை யானை விலை, குதிரை விலை.
மார்ச் மூன்றாவது வாரம் பாதியாகும்.
பனியும் பாதியாகும் என்றேன்.
"பாதிக் காசுக்குப் பாதிப் பனி.
இதில் என்ன மோசம்?" என்றாள்.

ரிசார்ட்டில் தங்க வேண்டாம்.
பதினெட்டு கிலோமீட்டர் கீழே
மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால்
ஸ்தோய்கா அம்மையாரின் மாடியறை.
போர்வை வாடகையோடு சேர்த்தி,
ஹீட்டருக்குத் தனிக் காசு.
பஸ்ஸில் ஓட்டுநர் குடும்பத்துக்கு அரை டிக்கெட்.
ஸ்கீகளை அடிவாரக் கடையில் எடுத்துக்கொள்ளலாம்.
எனக்கு பூட்ஸ் அவள் தம்பி ப்ளாமெனுடையது,
நேற்றே கொண்டுவந்து போட்டுவிட்டான்.
அவன் கால் நாற்பத்து நான்கு, என் கால் நாற்பத்து இரண்டு.
நடுவிலிருக்கும் இரண்டுக்குக் கம்பளிக் காலுறை.

லிஃப்டுக்கு முழுநாள் சீட்டு எதற்கு?
பன்னிரண்டரைக்கு மேல் அரைநாள் சீட்டு உண்டு.
காலையில் கீழேயே விழப் பழகுவோம்.
விழுவதற்கு அங்கே இன்னும் யாரும் காசு வாங்குவதில்லை.
மதியத்துக்கு ஒரு தட்டு பனிட்சா,
ஆட்டுப்பாலாடைக்கட்டி கொஞ்சம் தாராளமாக.
எஞ்சின் மூடிமேல் வைத்தால் சூடு தங்கும்.
பயிற்சியாளர், ஒரு மணி நேரம், அறுபது லெவா
என்று எழுதியவள்
என் முகத்தைப் பார்த்துவிட்டு அடித்தாள்.

கூட்டினாள்.
கீழே கோடு போட்டாள்.
மலையில் பனி விழுகிறது என்கிறது வானொலி.
எங்கள் மேசையில் துண்டு விழுகிறது,
நூற்றுப் பத்து லெவா.

ஹீட்டரை அடித்தோம்.
மூக்குக் கண்ணாடிமேல் போடும் கண்ணாடியை அடித்தோம்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்,
விரலையே கொஞ்சம் செதுக்கிப் பார்த்தோம்.
அப்படியும் தொண்ணூறு நிற்கிறது.

பக்கத்து அறையிலிருந்து ஒக்னியான்,
வீட்டுப்பாடத்திலிருந்து தலை தூக்காமல்:
"அப்பா சறுக்க வேண்டாமே.
வழக்கம் போல
நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும்."

கணக்கு சரிதான்.
என்னைக் கழித்தால் கச்சிதமாக வருகிறது.
நான் சிரித்தேன்.
ராட்கா சிரிக்கவில்லை.
பென்சிலைச் சீவினாள், தேவைக்கு மேல் நீளமாக.
இரண்டு நாள் என்றிருந்ததை
ஒரு நாள் என்று திருத்தினாள்.
மூன்று பேரும் அப்படியே இருந்தோம் தாளில்.

இப்போது ஏழு லெவா மிச்சம்.
அதற்கு அரைமணி நேரம் சண்டை.
ஒரு கிண்ணம் சூப், மூன்று கரண்டி என்று முடிந்தது.
எந்தக் கடை என்று கேட்டேன்.
"உச்சியில்" என்றாள்.
கழிப்பறைக்குப் பின்னால் மூன்று கிண்ணம் கிடைக்குமே என்றேன்.
"உச்சியில்."

இரவு பதினொன்று.
ப்ளாமெனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு
நடையில் நிற்கிறேன்.
முழங்காலை மடக்கு, முன்னால் சாய், பயப்படாதே:
திரும்பும் பஸ்ஸில் யாரோ யாருக்கோ சொன்னது.
ஒரு அடி.
இன்னொன்று.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடிக்கிறார்.
நான் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்கிறேன்.