குவியம் தப்பிய படம்

வில்யாண்டியில் முப்பத்தெட்டு ஆண்டுகள்
அடுத்தவர் வாய்க்குள்தான் என் பார்வை குடியிருந்தது.
நகத்தளவு கண்ணாடி, ஒரு விளக்கு,
கடைவாய்ப் பல்லின் பின்புறம்
சொந்தக்காரரே பார்த்திராத ஒரு கரும்புள்ளி.

ஓய்வு பெற்றதும்
என் சிகிச்சை நாற்காலியை
முடிதிருத்தும் ரைவோ வாங்கிக்கொண்டார்.
அந்தக் காசுதான் இந்த லென்ஸ்.

பேருந்து நிற்கும் இடத்திலிருந்து
சதுப்பின் பலகைப் பாதையில் அரை கிலோமீட்டர்.
அதற்குமேல் முழங்கால் சம்மதிக்காது.
அதற்குமேல் போகத் தேவையில்லை என்பதும்
முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது:
ஒரு முழம் பாசியைப் பார்த்து முடிக்க
எனக்கு ஆகஸ்ட் வரை ஆயிற்று.
இன்னும் முடியவில்லை என்பதே சரி.

பக்கத்து வீட்டு உர்வே கேட்கிறாள்,
தோட்டத்தில் டாலியா இவ்வளவு பெரிதாகப் பூத்திருக்க
கொசுவுக்கு ரத்ததானம் செய்ய
அவ்வளவு தூரம் போவானேன் என்று.
பெரிதாகப் பூப்பதுதான் டாலியாவின் குறை, உர்வே.
அது என்னைத் தேடவிடுவதில்லை.

பலகையில் குப்புறப் படுத்திருக்கிறேன்.
ஓடிவந்த இளைஞன் பதறி நிற்கிறான்:
"விழுந்துவிட்டீர்களா? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"
"வேண்டாம். உங்கள் நிழலை மட்டும்
கொஞ்சம் நகர்த்துங்கள்."
நகர்த்தினான். நல்ல பிள்ளை.

கண் முன்னே
பூச்சி பிடித்துண்ணும் பனித்துளிச் செடி,
சட்டைப் பொத்தானைவிடச் சிறிய இலை.
சிவந்த மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும்
ஒரு சொட்டுப் பசை,
வெயில் பட்டால் தேன் என்றே நம்பத் தோன்றும்.
கொசுக்குஞ்சு ஒன்று நம்பியிருக்கிறது.
ஒரு கால் மாட்டியாயிற்று.
இன்னொரு காலால் அதை விடுவிக்கப் பார்க்கிறது,
அதுவும் மாட்டுகிறது.

பழைய இடுக்கி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.
எத்தனை வலியை இதே கையால் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்!
விரல் பைவரை போயிற்று.
அப்புறம் திரும்பி வந்துவிட்டது.
இருவரில் யார் என் நோயாளி?
இலைக்கும் பசிக்காதா,
இந்த மண்ணில் வேறென்ன கிடைக்கும் அதற்கு?

போன குளிர்காலத்திலிருந்து வலக்கையில் நடுக்கம்.
துருவும் கருவி பிடித்த நாட்களில்
சுண்டுவிரலை நோயாளியின் தாடையில் ஊன்றுவேன்,
அவர் அசைந்தால் நானும் சேர்ந்து அசைய.
இன்று பலகையின் விளிம்பில் ஊன்றுகிறேன்.
பலகை அசைவதில்லை, நான்தான்.
மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து
(ஊரெல்லாம் செய்யாதே என்று சொன்னதை நானே செய்து)
ஒரு சொடுக்கு. இன்னொன்று. இன்னொன்று.
குவியம் என்பது இங்கே தலைமயிர்க் கனம்;
இதயம் ஒருமுறை அடித்தாலே
தாண்டிப் போய்விடுகிறது.

இரவு, சமையல் மேசை, இருநூற்றுப் பதினான்கு படங்கள்.
பசைத்துளிகள் எல்லாம்
கண்ணீரோடு பார்த்த தெருவிளக்குகள் போல.
கொசுவைக் காணோம், வெறும் புகை.
அழித்தேன், அழித்தேன்,
தேநீர் ஆற ஆற அழித்தேன்.

கடைசிக்கு முந்தையதில் விரல் நின்றது.
அதிலும் இலை மங்கல்தான்.
ஆனால் கீழே, ஓரத்தில், பாசித்தண்டின்மேல்
கத்தியால் வெட்டியதுபோல் துலக்கமாக
ஏதோ ஒன்று நிற்கிறது.
நீலச்சாம்பல் நிறம், ஆறு கால், கொழுத்த உடல்,
கடுகில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.
இரண்டு மணிநேரம்
என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருக்கிறது.
நான் பார்க்கவே இல்லை.
கை நடுங்கிய நேரத்தில்
லென்ஸ் தானாகப் போய்ப் பார்த்திருக்கிறது.

இத்தனை நாள் அந்த நடுக்கத்தைத்
திட்டிக்கொண்டிருந்தேன்.
இன்றைக்கு மட்டும் சும்மா விடுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
பழக்கதோஷம், வாய் எங்கே என்று தேடினேன்.
தெரியவில்லை.
அலமாரியில் இருந்த பூச்சிப் புத்தகத்தைப் புரட்டினால்
இந்த இனம் வாயைத்
தலைக்குள்ளேயே மடித்து வைத்திருக்குமாம்.

சரி, இருக்கட்டும்.
உன்னைத் திறக்கச் சொல்லமாட்டேன்.