கொதிநிலைக்கான கட்டம்

ஜுபைலில் ஆகஸ்ட் இரவு.
வெளியே போனால் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடும்,
உள்ளே வந்தால் மெல்லத் தெளியும்.
இரண்டு கதவுக்கும் நடுவே நான் குருடி.

மாதிரிப் புட்டி ஒன்பது மணிக்கு வந்தது.
எண் 4417. தொட்டி ஏழு.
எடுத்தவர்: ஸ. குத்புதீன்,
நீல மை, பாதி வியர்வையில் கரைந்த கையெழுத்து.
எடுத்த நேரம்: பிற்பகல் 2:10.
பன்னிரண்டிலிருந்து மூன்று வரை
வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது
இந்த மாதத்தின் சட்டம்.
தொட்டியின் இரும்பு ஏணி அப்போது எத்தனை டிகிரி
என்று கேட்க
படிவத்தில் இடமில்லை.

விற்றவர் தந்த தாளில்
நிறமற்ற திரவம், கொதிநிலை 231.

குடுவையில் நூறு மில்லி.
பீங்கான் சில்லு நான்கு,
திடுமென்று துள்ளி எழாமல் இருக்க.
காற்றழுத்தமானி 749 காட்டியது, குறித்துக்கொண்டேன்.
எந்த அழுத்தத்தில் என்று சொல்லாமல்
கொதிநிலை சொல்வது பாதிப் பொய்.
என் நோட்டின் முதல் பக்கத்தில்
நானே எழுதி வைத்தது. படித்ததல்ல, பட்டது.

160. தெளிவு.
180. தெளிவு.
192-ல் ஒரு மஞ்சள் நூல்
அடியிலிருந்து எழுந்து அவிழ்ந்தது.
199-ல் சுலைமானி.
207-ல், சுலைமானியை அடுப்பில் வைத்துவிட்டு
யாரோ மறந்துபோனது போல
கரி, புகை,
சுட்ட ரப்பரோடு கொஞ்சம் கிராம்பு வாசம்.
மறுபக்கக் குழாய்க்கு ஒரு சொட்டுகூட வந்து சேரவில்லை.
சூட்டை அணைத்தேன்.

கொதிக்கவில்லை.
கொதிக்கும் முன்னே உடைந்துவிட்டது.

அடுத்தது அலுமினியக் கிண்ணம்,
நெற்றிப் பொட்டு அளவு. அதில் நான்கு மில்லிகிராம்.
திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது,
188-ல் நிமிர்ந்தது.
அதுவரை சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது
அங்கிருந்து சூட்டைக் கக்கத் தொடங்கியது.
நான்கு மில்லிகிராமுக்கு ஒரு குன்று.
ரோடெல் விசில் அடித்தான்.
தொட்டி ஏழில் அறுநூறு டன்.

பதினொன்றரைக்கு வஸீம் சாரின் போன்.
கப்பல் துறையில் நிற்கிறதாம்,
மணிக்கு மணி வாடகை ஏறுகிறதாம்.
"ஜெஸிந்தா, அந்தக் கட்டத்தில் ஒரு எண் போடு.
விற்றவன் எண்ணையே போடு, என்ன கெட்டுவிடும்?"

போட்டிருக்கிறேன், ஒருமுறை.
எட்டு வருஷம் முன்பு, வேறு திரவம், இதே கட்டம்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான்
இன்னும் ஆறவில்லை.

ரோடெலை வெற்றிடப் பம்பைப் போடச் சொன்னேன்.
புதிதாக நூறு மில்லி, அடியில் சுழலும் காந்தக் குச்சி.
காற்றை எடுத்துக்கொண்டே போனோம்,
எழுநூறு, முந்நூறு, நூறு,
பத்தில் நிறுத்தினோம்.
மேலே இருந்த பாரம் போனதும்
103 டிகிரியில்
அது சும்மா கொதித்தது.
ஒரு சொட்டு. யோசித்து இன்னொன்று.
பிறகு வரிசையாக.
மஞ்சள் இல்லை, கரி இல்லை.
இதே புட்டி, இதே திரவம்.

கட்டம் சின்னது. எழுத்து வெளியே வழிந்தது:
சாதாரண அழுத்தத்தில் கொதிநிலை இல்லை, சிதைகிறது.
188-க்கு மேல் தானே சூடேறும்.
தொட்டியைச் சூடாக்க வேண்டாம்.
பத்து மில்லிமீட்டரில், 103.

போன் மறுபடி அடித்தது.
கையுறை போட்டிருந்தேன்.

குடுவை ஆற
மணி ஆறாகிவிட்டது.
அறிக்கையைக் கணினியில் ஏற்றும்போது
ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது:
மாதிரி எடுத்த நேரம் விதிக்குப் புறம்பு, திருத்தவும்.

குத்புதீனை நான் பார்த்ததில்லை.
மூன்று ஐந்து என்று எழுதியிருக்கலாம் அவர்,
எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.
இதனால் அவருக்கு நல்லதா கெட்டதா, தெரியாது.
2:10 என்றே விட்டு
அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.